கீமோவுக்குப் பிறகு வந்த கால் எரிச்சலுக்கு டி.எம்.எஸ். சிகிச்சை: கோத்தகிரியிலிருந்து போய் எடுத்துக்கொண்ட அனுபவம்

கீமோ முடிந்துவிட்டது, வலி மட்டும் முடியவில்லை என்று இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோவையில் ஒரு நரம்பியல் மையத்தில் டி.எம்.எஸ். சிகிச்சை எடுத்துக்கொண்டேன். டிரான்ஸ்கிரேனியல் மேக்னெடிக் ஸ்டிமுலேஷன் என்பதன் சுருக்கம் அது. தலைக்கு வெளியே காந்தச் சுருளை வைத்து மூளையைத் தூண்டுவார்கள். அறுவையோ மயக்க மருந்தோ கிடையாது. பாதத்து எரிச்சல் எனக்கு நன்றாகவே குறைந்தது. மதமதப்பு துளிகூடக் குறையவில்லை. இரண்டில் ஒன்றை மட்டும் சொல்லி அழைக்கிறவர்களை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

நான் கோத்தகிரியில் தையல் கடை வைத்திருக்கிறேன். ரவிக்கை, சுடிதார், பள்ளி திறக்கிற சமயத்தில் சீருடை. பெருங்குடலில் புற்றுநோய் வந்து ஆபரேஷன் ஆனது. அப்புறம் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆக்சாலிபிளாட்டின் டிரிப், வீட்டில் கேப்சிட்டாபின் மாத்திரை. ஆக்சாலிபிளாட்டின் பிளாட்டினம் சேர்ந்த மருந்து. புற்றுநோய்ச் செல்களை அடிப்பதோடு, முதுகுத்தண்டை ஒட்டி முடிச்சு முடிச்சாக இருக்கும் உணர்வு நரம்புச் செல்களிலும் போய்ப் படிந்துவிடுகிறது. பாதத்துக்கும் விரல் நுனிக்கும் போகும் நரம்புகள்தான் உடம்பில் மிக நீளமானவை. அதனால் முதல் அடி அவற்றுக்கு.

இந்த மருந்துக்குக் குளிர் ஆகாது. டிரிப் ஏறிய நாட்களில் ஃபிரிட்ஜ் தண்ணீர் குடிக்காதீர்கள், ஐஸ்கிரீம் வேண்டாம் என்று சொல்லி அனுப்புவார்கள். சமவெளிக்காரர்களுக்கு அந்த எச்சரிக்கை போதும். கோத்தகிரியில் டிசம்பர் மாதம் காலையில் குழாயைத் திறந்தால் வருவதே ஃபிரிட்ஜ் தண்ணீர்தான். எவர்சில்வர் டம்ளரைத் தொட்டால் விரலில் சுருக்கென்று ஏறும். ராத்திரி முழுக்கக் கடையில் கிடந்த கத்தரிக்கோலைக் காலையில் கையில் எடுக்க முடியாது. பச்சைத் தண்ணீர் ஒரு மடக்கு குடித்தால் தொண்டை இறுகி, மூச்சே நின்றுவிடுமோ என்று பயம் வரும். நம் மலையில் இந்த மருந்து எடுக்கப்போகிறவர்கள் முதல் டிரிப்புக்கு முன்பே கம்பளிக் கையுறை, காலுறை, வெந்நீர் பிளாஸ்க் எல்லாம் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி டிரிப் முடிந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று அக்கம்பக்கத்தில் ஆறுதல் சொன்னார்கள். புற்றுநோய் டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. மருந்தை நிறுத்திய பிறகும் சில மாதம் நரம்புப் பாதிப்பு ஏறிக்கொண்டே போகலாம் என்றார். அப்படியேதான் ஆனது. குளிர்ச் சுருக்கு மெல்ல விலகியது. அதன் இடத்தில் உள்ளங்கால் எரிச்சல் வந்து உட்கார்ந்துகொண்டது. பகலில் வேலையில் மறந்திருக்கும். ராத்திரி படுத்ததும் ஆரம்பித்துவிடும். கம்பளி பட்டால் எரியும், உதறித் தள்ளினால் குளிரில் குத்தும். கூடவே விரல் நுனிகளில் மதமதப்பு. காஜா எடுக்கும்போது ஊசி துணியில் போகிறதா விரலில் போகிறதா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ரத்தப் பொட்டு வெள்ளைச் சட்டையில் விழுந்த பிறகுதான் குத்தியதே தெரியும்.

மாத்திரை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கீமோவால் வந்த நரம்பு வலிக்கு ஓரளவு உறுதியான ஆதாரம் உள்ள மருந்து டுலோக்செட்டின் ஒன்றுதான். அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கம் 2020 வழிகாட்டுதலிலும் அந்த ஒன்றைத்தான் சொல்கிறது. எனக்கு 30 மில்லிகிராமில் ஆரம்பித்து 60க்கு ஏற்றினார்கள். குமட்டல் சில நாளில் போய்விட்டது, வலியும் கொஞ்சம் தணிந்தது. தூக்கம் வரும் அளவுக்குத் தணியவில்லை. பிரீகாபலின் சேர்த்துக் கொடுத்தபோது தலை சுற்றியது. எங்கள் வீட்டுக்குப் போவதே படிக்கட்டு வழி, அதுவும் மழையில் பாசி பிடித்த படி. காலில் உணர்ச்சி இல்லாதவளுக்குத் தலைசுற்றலும் சேர்ந்தால் ஆபத்து என்று டாக்டரே நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகுதான் டி.எம்.எஸ். பேச்சு வந்தது.

அடிபட்டது காலுக்குப் போகும் நரம்பு, தலையில் எதற்கு வைத்தியம்? என் முதல் கேள்வி இதுதான், எல்லோரும் கேட்பதும் இதுதான். அந்த மையத்து டாக்டர் அவசரப்படாமல் விளக்கினார். கெட்டுப்போன நரம்பு ஓயாமல் தப்பான செய்தியை அனுப்புகிறது. மாதக் கணக்கில் அதைக் கேட்டுக் கேட்டு, முதுகுத்தண்டிலும் மூளையிலும் வலியைக் கையாளும் பகுதிகள் கூர்மையாகிவிடுகின்றன. வலியை அடக்கக் கீழ்நோக்கிப் போகும் பாதை ஒன்றும் மூளையில் இருக்கிறது. அசைவைக் கட்டுப்படுத்தும் மோட்டார் கார்டெக்ஸைத் தூண்டினால் அந்தப் பாதை விழித்துக்கொள்கிறது, உடம்பு தானே சுரக்கும் அபின் வகைப் பொருள்களும் அதில் வேலை செய்கின்றன. 2011ல் வந்த ஒரு ஆய்வில், அபின் வகை மருந்தை முறிக்கும் நலோக்ஸோனைக் கொடுத்துவிட்டுத் தூண்டினால் நிவாரணம் குறைந்துபோனது என்று கண்டிருக்கிறார்கள். ஆக, இது நரம்பைச் சரிசெய்கிற வைத்தியம் இல்லை, வலியின் சத்தத்தைக் குறைக்கிற வைத்தியம். 'மதமதப்பு போகும்னு நான் சொல்ல மாட்டேன். அதுக்காக வந்திருந்தீங்கன்னா இப்பவே திரும்பிப் போயிடுங்க' என்று பணம் கட்டுவதற்கு முன்பே சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அங்கே சேர்ந்தேன்.

இதை எதற்கு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அதற்கு முன்னால் வேறொரு இடத்தில் நடந்தது வேறு. தலையில் மாட்டும் பட்டை ஒன்றைக் காட்டி, 'செத்த நரம்பு உயிர்த்துவிடும், கேரண்டி' என்றார்கள். முழுப் பணத்தையும் முதலிலேயே கட்டச் சொன்னார்கள். என்ன மருந்து சாப்பிடுகிறேன், வலிப்பு வந்ததுண்டா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

கோவை மையத்தில் கேள்விகளே அரை நாள் பிடித்தன. தலைக்குள் உலோகக் கிளிப் உண்டா, காதுக்குள் காக்ளியர் கருவி உண்டா, பேஸ்மேக்கர் உண்டா, வலிப்பு வந்திருக்கிறதா, என்னென்ன மாத்திரை. இந்தத் தூண்டலால் அபூர்வமாக வலிப்பு வரலாம். ட்ரமடால் என்ற வலி மருந்து மாதிரிச் சில மருந்துகள் இருந்தால் வலிப்பு இன்னும் சுலபமாக வந்துவிடுமாம், அதனால் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டார்கள். புற்றுநோய் மூளைக்குப் பரவியிருந்தால் வலிப்பு அபாயம் கூடும் என்பதால் என் புற்றுநோய் டாக்டரிடமிருந்து கடிதமும் ஸ்கேன் ரிப்போர்ட்டும் வாங்கிவரச் சொன்னார்கள். கீமோ மருந்து ஏற்றுவதற்காக மார்புத் தோலுக்கடியில் வைத்த போர்ட் இன்னும் இருக்கிறவர்கள் அதையும் சொல்லிவிட வேண்டும். அலைச்சல்தான், ஆனாலும் இவ்வளவு கேட்கிற இடத்தில்தான் தலையைக் கொடுக்க வேண்டும்.

இனி நாற்காலி. பல் டாக்டர் வீட்டில் இருப்பது போன்ற சாய்வு நாற்காலிதான். செல்போன், வாட்ச், ஏ.டி.எம். கார்டு, ஹேர்பின், கம்மல் எல்லாம் கழற்றி ஒரு டப்பாவில் போட வேண்டும். என் மூக்குத்தி கழல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வீட்டிலேயே கழற்றிவிட்டுப் போங்கள். காதில் அடைப்பான் வைத்துவிடுவார்கள், அது கட்டாயம். தலையில் துணித் தொப்பி மாட்டி அதில் பேனாவால் குறி போட்டார்கள். சுருள் 8 என்ற எண்ணின் வடிவத்தில் இருக்கும், வெளியே பிளாஸ்டிக் உறை. மின்சாரம் சட்டென்று அதில் பாய்ந்து நிற்கும்போது எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் அளவுக்கு வலுவான காந்தப்புலம் ஒரு கணம் எழும். அது மண்டை ஓட்டைத் தாண்டிச் சில சென்டிமீட்டர் ஆழத்துக்குள் ஒரு சின்ன மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கர் என்பவரும் அவருடன் வேலை செய்தவர்களும் 1985ல் முதலில் செய்து காட்டியது. மனச்சோர்வுக்கு அமெரிக்காவில் 2008லேயே அனுமதி கிடைத்த இயந்திரம்தான், நேற்று முளைத்த சமாசாரம் இல்லை. பழைய காலத்து ஷாக் வைத்தியத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இதில் நினைவு தப்புவதில்லை, உடம்பு வெட்டுவதில்லை.

முதல் நாள் அளவு பார்ப்பார்கள். டாக்டர் சுருளை இடப்பக்கத் தலையில் வைத்து, நூல் நூலாக நகர்த்தி, ஒவ்வொரு தட்டாகத் தட்டிப் பார்த்தார். என் வலது கை மடியில் திறந்து கிடந்தது. ஒரு இடத்துக்கு வந்ததும் கட்டைவிரல் நான் சொல்லாமலே துள்ளியது. கொஞ்சம் நகர்த்தினால் நின்றுவிட்டது, திரும்ப வந்தால் துள்ளியது. ஊசி குத்தினாலும் தெரியாத அதே விரல். நரம்பு வழியாக மேலே போகும் செய்திதான் கெட்டிருக்கிறது, கீழே வரும் கட்டளை ஒழுங்காக வருகிறது என்று அவர் அந்த விரலைக் காட்டியே சொன்னபோது, என் உடம்பில் என்ன நடந்திருக்கிறது என்பது அத்தனை நாளில் முதன்முறையாகத் தெளிவாகப் புரிந்தது. விரலைத் துள்ளவைக்கும் அளவைக் குறித்துக்கொண்டு, அதைவிடக் கொஞ்சம் குறைத்துத்தான் சிகிச்சை கொடுக்கிறார்கள்.

எரிவது கால், கை இருக்கும் இடத்தை ஏன் தூண்டுகிறீர்கள் என்றும் கேட்டேன். காலுக்கான இடம் மூளையின் இரு பாதிக்கும் நடுவில், மடிப்புக்குள் ஆழத்தில் இருக்கிறது. கைக்கான இடம் மேற்பரப்பில், சுருளுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. அங்கே தூண்டினாலும் உடம்பின் மற்ற இடத்து வலி தணிவதைப் பார்த்திருக்கிறார்கள் என்றார்.

சிகிச்சை என்பது நொடிக்கு 10 தட்டு வீதம் சில நொடி, அப்புறம் இடைவெளி, மறுபடி தட்டு. தலைத்தோலில் விரலால் சுண்டுகிற மாதிரி இருக்கும். முதல் சில நாள் அந்த இடம் வலித்தது, சாயங்காலம் தலைவலி வந்தது, பாராசிட்டமால் போட்டதும் போய்விட்டது. இயந்திரத்தை இயக்கிய தம்பி ரொம்பப் பொறுமையானவர். 'அம்மா, நேத்து ராத்திரி தூங்கினீங்களா?' என்று தினமும் கேட்பார். உபசாரக் கேள்வி என்று நினைத்துவிடாதீர்கள். தூக்கம் கெட்டிருந்தாலும் வலிப்பு அபாயம் கூடும். மொத்தம் அரை மணிக்குள் முடிந்துவிடும். வாரத்தில் ஐந்து நாள், அப்படிச் சில வாரம்.

குறை சொல்ல வேண்டியதும் இருக்கிறது. அந்த மையத்தின் வாசலில் 'காலணிகளை வெளியே விடவும்' என்று பலகை. கீமோவில் கால் மரத்தவர்களிடம் எல்லா டாக்டரும் முதலில் சொல்வது, வீட்டுக்குள்கூட வெறுங்காலோடு நடக்காதீர்கள் என்பதுதான். நரம்பு நோயாளிகளே வந்துபோகும் இடத்தில், வழவழவென்ற டைல்ஸ் தரையில், எங்களை வெறுங்காலோடு நடக்கவைக்கிறார்கள். மழை நாளில் வாசலில் ஈரம் வேறு. நான் சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் போனேன். இரண்டாம் நாளே வரவேற்பில் இருந்த பெண்ணிடம் சொன்னேன். அந்தப் பெண் முகம் சுளிக்கவில்லை, உள்ளே போடுவதற்கென்று தனியாக ஒரு ஜோடி கொண்டுவரலாம் என்று அனுமதி கொடுத்தாள். எனக்குச் சரி. கேட்கத் தயங்குகிறவர்கள் என்ன செய்வார்கள்? பலகையை மாற்ற வேண்டும். அப்புறம் காத்திருக்கும் அறையின் ஏ.சி. கீழ்க்கோத்தகிரிப் பனியில் பிறந்து வளர்ந்தவள் நான், எனக்கே அது தாங்கவில்லை. ஆக்சாலிபிளாட்டின் எடுத்தவர்களுக்கு அந்தக் குளிர் கையிலும் காலிலும் குத்தும். ஸ்வெட்டரும் காலுறையும் கொண்டுபோங்கள்.

பணம் கையைக் கடித்தது. ஒவ்வொரு அமர்வுக்கும் ஆயிரத்துக்கு மேல், எல்லாம் கைக்காசு. அதைவிடப் பெரிய செலவு போக்குவரத்துதான். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கே 33 கிலோமீட்டர் மலைப்பாதை, அதற்கப்புறம் கோவை. காலில் எரிச்சலோடு தினமும் அரவேணு, குஞ்சப்பனை என்று வளைந்து வளைந்து இறங்கி ஏறுவது நடக்காத காரியம். பலாப்பழ சீசனில் குஞ்சப்பனைப் பக்கம் யானை ரோட்டுக்கு வந்துவிட்டால் பஸ் அங்கேயே நிற்கும், அன்றைய நேரம் போய்விடும். துடியலூரில் என் அக்கா மகள் இருக்கிறாள். 'சித்தி, கடையைப் பூட்டிட்டு வந்து இங்கேயே இரு' என்று பிடிவாதமாகக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். உறவுக்காரர் வீடு இல்லாதவர்கள் அறை வாடகையையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். நீலகிரியிலிருந்து வருகிறவர்களுக்காவது முன்கூட்டியே நேரம் ஒதுக்கி, சொன்ன நேரத்துக்கு உள்ளே அழைக்கலாம். அந்த மையத்தில் இதைச் சரியாகச் செய்தார்கள்.

பலன் எப்படி? முதல் வாரம் ஒன்றுமே தெரியவில்லை. அவ்வளவுதான் என்று மனசு சலித்தது. பிறகு ஒரு ராத்திரி கம்பளி காலின் மேல் கிடக்கக் கிடக்கவே தூங்கியிருக்கிறேன், விடிந்துதான் தெரிந்தது. மையத்தில் தினமும் வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று கேட்டு எழுதுவார்கள். 7 என்று சொல்லிக்கொண்டிருந்தவள் முடிவில் 4 என்று சொன்னேன். வலி ஆராய்ச்சியில் 30 சதவீதம் குறைந்தாலே நோயாளிக்கு அர்த்தமுள்ள மாற்றம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 4ல் தூங்க முடிகிறது. 7ல் முடியவில்லை. எனக்கு அந்த வித்தியாசம் போதும்.

மதமதப்போ அப்படியேதான் இருக்கிறது. மிதி மெஷினில் பலகையைக் கால் அழுத்துகிறதா என்று இன்றைக்கும் குனிந்து பார்த்துத்தான் தைக்கிறேன். பாபினில் நூல் கோக்கக் கடைப் பெண்ணைக் கூப்பிடுகிறேன். வலிக்கு ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுப்பேன். மதமதப்புக்கு என்று யாராவது கேட்டால் போகாதீர்கள் என்பேன். அதற்கு பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுக்கும் சமநிலைப் பயிற்சியும், நல்ல பிடிமானமுள்ள செருப்பும், தினமும் ராத்திரி பாதத்தைத் திருப்பிப் பார்த்துக் காயம் உண்டா என்று தேடுவதும்தான் வழி.

ஆதாரம் எவ்வளவு என்பதையும் மறைக்கக் கூடாது. பொதுவான நரம்பு வலிக்கு மோட்டார் கார்டெக்ஸ் தூண்டல் வேலை செய்கிறது என்பதற்கு நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. பிரான்ஸில் நடந்து 2021ல் வெளியான ஆய்வு ஒன்றில், சத்தம் மட்டும் எழுப்பும் பொய்ச் சுருளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சுமார் ஆறு மாதம் விட்டுவிட்டுக் கொடுத்ததில் மோட்டார் கார்டெக்ஸில் வாங்கியவர்களுக்குத்தான் வலி கூடுதலாகக் குறைந்தது, நெற்றிப் பக்கம் வாங்கியவர்களுக்கு அப்படி இல்லை. அதே சமயம் 2018ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தபோது, பலன் சிறியது, குறுகிய காலத்துக்கானது, ஆய்வுகளின் தரமும் உயர்வாக இல்லை என்றது. கீமோவால் வந்த நரம்பு வலிக்கென்று தனியாக நடந்தவை சிறிய ஆய்வுகள்தான். அதனால்தான் புற்றுநோய் வழிகாட்டுதல்களில் இது இன்னும் இடம்பிடிக்கவில்லை. டுலோக்செட்டினைப் பார்க்காமல் நேராக இதற்கு ஓட வேண்டாம். நான் மாத்திரையை இன்னும் நிறுத்தவில்லை, நீங்களாகவும் நிறுத்தாதீர்கள்.

அங்கேயே டி.டி.சி.எஸ். என்று இன்னொன்றும் வைத்திருக்கிறார்கள். உப்புத் தண்ணீரில் நனைத்த ஸ்பாஞ்ச் இரண்டைத் தலையில் கட்டி, 2 மில்லிஆம்பியர் அளவு மின்சாரத்தை 20 நிமிடம் விடுவார்கள். அரிப்பு மாதிரி இருக்குமாம். செலவு குறைவு, கருவியும் சின்னது. வலிக்கு இதன் ஆதாரம் டி.எம்.எஸ். அளவுக்கு வலுவாக இல்லை என்று டாக்டரே சொன்னதால் நான் எடுக்கவில்லை. டாக்டர் மேற்பார்வை இல்லாமல் வீட்டில் வாங்கி மாட்டிக்கொள்வது வேண்டாம்.

பலன் நிலைத்து நிற்காது என்பதும் தெரிந்திருக்கட்டும். முடித்துவிட்டு ஊருக்கு வந்த பிறகு சில வாரம் நன்றாக இருந்தது, அப்புறம் எரிச்சல் மெல்ல ஏற ஆரம்பித்தது. இப்போது இடைவெளி விட்டுவிட்டுப் போய் வருகிறேன். தையல்காரிக்குத் தூக்கம் இருந்தால்தான் மறுநாள் கை நடுங்காமல் வெட்ட முடியும், அந்தக் கணக்கில் எனக்குக் கட்டுப்படியாகிறது. ஆனால் எஸ்டேட்டில் இலை பறிக்கும் பெண்களும் இதே கீமோ எடுக்கிறார்கள், இதே காலோடு ஈரச் சரிவில் நிற்கிறார்கள். அவர்களால் கோவையில் வாரக் கணக்கில் தங்க முடியாது. ஊட்டியில் 2022ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. மனச்சோர்வுக்கும் வலிக்கும் ஒரே இயந்திரம் பயன்படும் என்பதால், மலையில் அரசு மருத்துவமனையிலேயே இந்தச் சிகிச்சையைக் கொடுக்க வேண்டும் என்று மருத்துவக் கல்லூரி முதல்வருக்கு ஒரு மனு எழுதிவைத்திருக்கிறேன். கீமோ முடித்த நீலகிரிக்காரர்கள் யாராவது கையெழுத்துப் போட விரும்பினால் கோத்தகிரி பஜாரில் கடைக்கு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை தவிர எல்லா நாளும் திறந்திருக்கும். செருப்பைக் கழற்ற வேண்டாம்.